மணிக்கட்டு

கோல்ஃப் பயிற்சியாளரின் மனைவிக்கு ‘சிப்’ மட்டும் கைவரவில்லை. பந்தை லேசாகத் தூக்கிக் குழிக்குப் பக்கத்தில் உருட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். தம்பதியர் போட்டிக்கோ பத்து நாள்தான் இருந்தது.

“மறுபடியும் மணிக்கட்டை வெடுக்குன்னு இழுக்கற. தோள் மட்டும்தான் அசையணும்னு எத்தனை தடவை சொல்றது?”

“நீங்க அடிக்கறதைப் பார்த்துத்தானே அடிக்கறேன்.”

“அப்புறம் ஏன் பந்து குழியைத் தாண்டி மணல்ல போய் விழுது? உனக்கு மனசு இங்க இல்ல.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “சரி, நீங்க நாலு பந்து அடிங்க. ஃபோன்ல எடுத்து வெச்சுப் பார்த்துக்கறேன்.”

அடித்தார். இரண்டு பந்து மணலில் விழுந்தன. காற்று அதிகம் என்றார்.

அவள் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ஃபோனை நீட்டினாள். “என்னை மாதிரியே அடிச்சுக் காட்டறீங்களா? எனக்கு அழுகையே வருது.”

அவர் வாங்கிப் பார்த்தார். மட்டை பந்தைத் தொடும் நொடியில் அவருடைய வலது மணிக்கட்டு தானாகவே வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. நான்கு முறையும். அடிக்கும்போது அவருக்கு அது தெரியவே இல்லை.

மூன்று வருடமாகப் படுக்கையில் கிடக்கும் அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. குடும்பத்தில் தொடர்ந்து வரும் நோய் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். இன்று காலையும் அண்ணனுக்கு ஊட்டிவிட்டு, உடம்பு துடைத்துவிட்டு வந்தவள் இவள்தான்.

“சொல்லுங்க, என்னைக் கிண்டல்தானே பண்ணினீங்க?”

“ஆமா” என்றார் அவர், வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு.