துண்டுக்கு அடியில்

"பயப்பட ஒண்ணுமில்லீங்க, வயித்து அமிலம் மேலேறி வருது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். தொண்டைவழியே குழாய் விட்டு எடுத்த படம் மேசைமேல் கிடந்தது. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, காப்பியைக் குறைக்க வேண்டும், மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். பக்கத்தில் இருந்த பாவாயி கும்பிடாத குறையாகத் தலையாட்டினாள்.

அவள் புருஷன், மாட்டுத் தரகர் ராக்கியண்ணனுக்கு மட்டும் நெஞ்செரிச்சல் ஒரு பிடி கூடியது. நாற்பது வருஷச் சந்தையில் வாயால் சொன்ன விலை எதுவும் நிஜ விலையாக இருந்ததில்லை. வாயால் சொல்வது வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. நிஜ விலையைத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் சொல்வார்கள். அவருடைய அண்ணனுக்கும் 'வெறும் கேஸ்' என்றுதான் சொன்னார்கள். மனிதர் அடுத்த ஆடியைப் பார்க்கவில்லை.

தோள் துண்டை எடுத்து டாக்டரின் கைமேல் போர்த்தி, தன் கையை உள்ளே விட்டார்.

"அவளுக்குச் சொன்னது இருக்கட்டுங்க. வெரலுக்கு ஒரு வருஷம். எனக்கு எத்தனைன்னு இதுக்குள்ள சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கப் போனவர், அந்த முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் விரல் அசைவதற்குள் துண்டின் மறு ஓரம் உயர்ந்தது. வளையல் சத்தத்தோடு இன்னொரு கை உள்ளே நுழைந்தது.

"நான் வளத்துன எருமையை என்ன வெலைக்குக் குடுத்தீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றாள் பாவாயி. "இதையாவது தெரிஞ்சுக்கறேன். சொல்லுங்க டாக்டரே."