வலி இல்லை

"குடிச்சிட்டு வண்டி ஓட்டினவனை முதல்ல கவனிக்கிறீங்க. நான் என்ன பாவம் பண்ணேன் டாக்டர்?"

நெற்றியில் தையலும் கழுத்தில் பட்டையுமாகப் படுத்திருந்த ரஞ்சித்குமார் கேட்டார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் மேனேஜர். மாமல்லபுரத்தில் ஆபீஸ் விருந்து முடிந்து வரும்போது, புதுப்பட்டினம் வளைவில் அவர் காரும் சின்னையனின் மொபெட்டும் மோதிக்கொண்டன.

சின்னையன் அடுத்த கட்டிலில் கண் சொருகிக் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி செல்லம்மா குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

"குடிச்சேன்னு அதுவே ஒத்துக்கிச்சு டாக்டரம்மா. எங்கயும் வலிக்கலன்னுது. வூட்டுக்கு இட்டுகினு போயிடறேன். எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்கோ."

"வேண்டாம்மா," என்றாள் டாக்டர் சாருலதா. "குடிச்சிருக்கிறவங்க வலிக்கலைன்னா நம்பக் கூடாது. எலும்பு உடைஞ்சிருந்தாலும் அவங்களுக்குத் தெரியாது. ஸ்கேன் பார்த்துடலாம்."

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

"இவனுங்களுக்கு ராஜ மரியாதை," என்று முணுமுணுத்தார் ரஞ்சித்குமார். "போலீசைக் கூப்பிடுங்க டாக்டர். நானே கம்ப்ளெயின்ட் தர்றேன்."

"சொல்லியாச்சு சார். வந்துகிட்டிருக்காங்க."

ஸ்கேனில் சின்னையனின் கழுத்து எலும்பில் விரிசல் தெரிந்தது.

"நடக்க வெச்சு கூட்டிட்டுப் போயிருந்தா, கை கால் விளங்காமப் போயிருக்கும்மா," என்றாள் சாருலதா.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது செல்லம்மா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.



"பாவம்தான். ஆனா குடிக்கிறவனுக்குப் புத்தி வேணும்," என்றபடி ரஞ்சித்குமார் எழுந்து உட்காரப் பார்த்தார். "போலீஸ்கிட்ட நாளைக்குப் பேசிக்கிறேன். எனக்கு எங்கேயும் வலி இல்லை. கிளம்பட்டுமா?"

கழுத்துப் பட்டையை அவிழ்க்கப் போன கையை சாருலதா பிடித்துக்கொண்டாள்.

"படுங்க சார். உங்களுக்கும் ஸ்கேன் பார்க்கணும்."

"அவன் வலிக்கலைன்னா நம்ப மாட்டீங்க, சரி. நான் சொன்னாலுமா?"

தையல் போட்டபோது அவர் முகத்துக்கு வெகு அருகில் இருந்தவள் அவள். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அவர் குடிச்சதைச் சொல்லிட்டார் சார். நீங்க இன்னும் சொல்லலை."