ஒரு சுரம் தள்ளி

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க தாள்ல எல்லாமே மாறியிருக்கு."

பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடிக்காரர் சொன்னதும் அவனுக்குப் பகீரென்றது. ஓட்டலில் பாடும் ஒரு பாடகியம்மாவின் ஜாஸ் குழுவுக்குப் பியானோ வாசிக்க ஆள் எடுக்கிறார்கள். அடுத்து கண்ணாடிக்காரர், அதற்கடுத்து இவன்; இருவர் கையிலும் ஒரே பாட்டின் இசைக்குறிப்புத் தாள், சேர்த்து அழுத்த வேண்டிய கார்டுகளின் பெயரோடு.

"என்ன மாறியிருக்கு?"

"முதல் கார்ட் எனக்கு டி மைனர், உங்களுக்கு ஈ மைனர். கடைசி வரைக்கும் ஒரு சுரம் மேல தள்ளியே எழுதியிருக்கு. ஆபீஸ்ல கொடுத்த தாளா இது?"

இல்லை, மச்சான் கொடுத்தனுப்பியது. குழுவை விட்டு விலகும் பியானோக்காரரே அவர்தான். கல்யாணத்தில் ஆரம்பித்த மனஸ்தாபம், இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன் தங்கையான இவன் மனைவியிடம் தாளைக் கொடுத்து, "ஆபீஸ் தாளைத் தொட வேண்டாம், இதை வச்சே பழகச் சொல்லு" என்றாராம். இவனும் நம்பினான், மடையன்!

பழகியதும் லேசான பாடா? மேலே கார்ட் பெயர், கீழே ஒற்றை மெட்டு, அவ்வளவுதான் தாள். எந்தெந்தக் கட்டையைச் சேர்த்து அழுத்துவது என்பது அவரவர் சாமர்த்தியம். பள்ளிக்கூட வேலை போனபிறகு வேறு வழியில்லாமல் விரல் வீங்க வீங்கப் பழகியிருந்தான். இதுவும் போனால் வீட்டு நிலைமையை நினைக்கவே பயமாக இருந்தது.

மனைவிக்குப் போன் போட்டான்.

"உன் அண்ணன் என் தலையில கல்லைப் போட்டுட்டார்டி!"

"ஐயோ, அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லைங்க..."

"பேசாதே! அவர் உட்கார்ந்த இடத்துல நான் உட்காரக் கூடாதுன்னு வயித்தெரிச்சல்!"

உள்ளே போன கண்ணாடிக்காரர் போன வேகத்தில் திரும்பினார். "ரெண்டாவது வரியிலேயே போதும்னுட்டாங்க சார்" என்றார். முகம் செத்திருந்தது.

சரியான தாளுக்கே இந்தக் கதியா!

உள்ளே டிரம்ஸும் பேஸ் கிடாரும் தயாராக இருந்தன. ஒவ்வொரு கார்டையும் ஒரு சுரம் இறக்கிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். தலை சுற்றியதுதான் மிச்சம். பாடகியம்மா விரலைச் சொடுக்கினார். பழக்கதோஷத்தில் அவன் கை ஈ மைனரிலேயே போய் விழுந்தது.

போச்சு! கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசித்தான். எந்த நிமிஷமும் 'போதும்' வரும்.

வரவில்லை. பாட்டு முழுசாக முடிந்தது.

"நாளைக்கே வந்துடுங்க" என்றார் அந்த அம்மா. "ஆனா ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பாட்டைத் தாள்ல இருக்கறதை விட ஒரு சுரம் மேலதான் நான் பாடுவேன். என் குரலைக் கேட்டு யார் பிடிக்கறாங்கன்னு பார்க்கத்தான் யார்கிட்டயும் சொல்லலை. நீங்க நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அங்க போயிட்டீங்களே, யார் சொல்லிக் கொடுத்தா?"

"எங்க மச்சான்" என்றவன், அவர் நம்பரைத் தேடிப் போனைக் கையில் எடுத்தான்.