எந்தப் பக்கம் வலி?

“ஐயோ… அம்மா!” என்று நாற்காலியில் இருந்தவர் அலறினார்.

“ஐயா, நான் இன்னும் தொடவே இல்லையே!” என்றாள் பல் மருத்துவ மாணவி.

எதிரே பேராசிரியை பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். செய்முறைத் தேர்வு. போன தடவை இதே அறையில் கோட்டை விட்டவள் அவள். கூடப் படித்தவர்களெல்லாம் டாக்டர் என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

“எங்க வலிக்குது? எப்பெல்லாம் வலிக்குது?”

“இடது பக்கம்மா. காதுக்கு முன்னாடி. கொட்டாவி விட்டா வலி, மென்னா வலி, வாயைத் திறந்தா வலி” என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

“பயப்படாதீங்க. ஊசி இல்ல, கத்தி இல்ல. என் விரலும் ஸ்டெதாஸ்கோப்பும்தான்.”

இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல் நுனிகளை வைத்தாள். “மெதுவா வாயைத் திறங்க… மூடுங்க.”

இடது தாடை மூட்டு வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. வலது மூட்டின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். மணலை மிதித்தது போல நறநறவென்று சத்தம். வாய் திறக்கத் திறக்கத் தாடையும் வலப்பக்கமாகவே இழுத்தது.

அங்கே லேசாக அழுத்தினாள். அவர் கத்தவில்லை. கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.

“என்னம்மா, எந்தப் பக்கம் கோளாறு?” என்றார் பேராசிரியை.

“வலது பக்கம், மேடம்.”

“அவரு இடதுங்கறாரு, நீ வலதுங்கற. நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தாள். இடது என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“அவரு வாய் இடதுங்குது மேடம். ஆனா என் கைக்கும் காதுக்கும் வலதுதான் படுது. மாத்திச் சொல்ல மனசு வரல.”

பேராசிரியை பேனாவை மூடினார். “சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம். நீ போகலாம்.”

ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டு அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். நாற்காலியில் இருந்தவர் சட்டென்று எழுந்தார்.

“மேடம், அந்தப் பொண்ணை அனுப்பிடாதீங்க! இடது பக்கம் பரீட்சைக்காக நீங்க சொல்லிக்கொடுத்த நடிப்பு. வலது பக்கம் எனக்கு நெஜமாவே வலிக்குது!”