ராணி ஓங்கிய கை

"நளினிக்கு ஆம்பள புள்ள லா! ஒங்க மாமா ஆஸ்பத்திரியிலேயே கடைச் சாவிய எடுத்துக் குடுத்துட்டாரு!"

மாமியாரின் குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன்.

நளினி என் கொழுந்தனின் மனைவி. முதல் பேரன் எந்த மகனுக்குப் பிறக்கிறானோ அவனுக்கே தெங்கேராவில் இருக்கும் குடும்பத் துணிக்கடை என்று மாமா சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எட்டு வருடமாக அந்தக் கடையின் ஷட்டரைத் தினமும் தூக்குவது என் கணவர் புவனேஷ்.

மெர்லிமாவ் கோயில் மண்டபத்தில் திருவிழா நாடக ஒத்திகை. மோகனா அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார். சம்பல் வாடையே பிடிக்கவில்லை. தள்ளி வைத்தேன்.

"மலரு, இன்னிக்கு வயித்தெரிச்சல நல்லா காட்டணும். நாட்டையே பறிகொடுத்தவ நீ!" நாடகத்தை இயக்கும் திலீபன் அண்ணன் மேடைக்குக் கீழிருந்து கத்தினார்.

நான்தான் கண்ணைக் கட்டிக்கொண்ட ராணி. இரண்டு வருடம் சுமந்தும் எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதற்குள் காட்டில் இருக்கும் ஓரகத்திக்கு மகன் பிறந்துவிட்டான் என்று தோழி வந்து சொல்வாள். முதலில் பிறந்தவனுக்குத்தான் அரியணை. ராணி பொறாமை தாங்காமல் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வாள்.

மூன்று வாரமாக, வயிற்றில் கட்டிய தலையணையில் பஞ்சு பறக்கக் குத்தியிருக்கிறேன். கைதட்டல்கூட கிடைத்தது.

கண்ணைக் கட்டினார்கள்.

இருட்டுக்குள் நளினி தெரிந்தாள். அவள் மடியில் குழந்தை. குழந்தையின் கையில் சாவி.

தோழியாக வந்த மோகனா அக்கா சேதியைச் சொன்னார்.

கையை ஓங்கினேன். இப்படியொரு ஆத்திரம் எந்த ஒத்திகையிலும் வந்ததில்லை. நகம் உள்ளங்கையில் ஏறியது.

கை இறங்கவில்லை.

விரல்கள் தானாகப் பிரிந்தன. தலையணைக்கு அடியில் நுழைந்து வயிற்றைப் பொத்திக்கொண்டன.

"என்னா லா மலரு, குத்தச் சொன்னா தடவுற!"

மண்டபமே சிரித்தது. மோகனா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தலையணைக் கயிற்றை அவிழ்த்தபடி காதோரம் கேட்டார்.

"எத்தன நாளு தள்ளிப் போயிருக்கு?"

முந்தாநாள்தான் இரண்டு கோடு பார்த்தேன். புவனேஷுக்கே இன்னும் சொல்லவில்லை.

கண்கட்டை அவிழ்க்க வந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். துணி நனைந்திருந்தது.

சந்தோஷத்தில் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.