முழங்கை

"ஒலிம்பிக்ல வில்லெடுத்து நின்ன கை. அந்தக் கையால பலூன் உடைச்சுக் காசு வாங்குறியா? மானத்தைக் கப்பலேத்திட்டியே."

காலைப் பயிற்சிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் கோச் இப்படிக் கேட்டதில் அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

ஷாப்பிங் மாலின் விளையாட்டுக் கூடத்தில் அவள் சாயங்காலங்களில் வில் வேடிக்கை காட்டுவது உண்மைதான். வேறென்ன செய்ய? ஒலிம்பிக் முடிந்து வந்தபோது பூங்கொத்து கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அதோடு சரி. கைதட்டலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரன் அம்பு தருவானா? இருக்கிற அம்பில் பாதி அடிவாங்கியவை. அடுத்த மாதம் தேர்வுப் போட்டி.

எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான் என்று நினைத்து, "யார் சார் சொன்னது?" என்றாள்.

"யாரும் சொல்லல. நானே பார்த்தேன். இன்னொரு தடவை உன்னை அங்க பார்த்தேன்னா டீம்ல உன் பேரு இருக்காது."

மால் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன் எப்போது வந்தார், எங்கே நின்று பார்த்தார் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அதன்பிறகு அவர் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நாணை இழுக்கும்போது அவள் கை இறங்கினால் மட்டும், தூரத்தில் நின்றபடியே தன் முழங்கையை இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். வருஷக்கணக்காக அதுதான் அவர் பாஷை. திட்டுவது வாயால், திருத்துவது கையால்.

சாயங்காலம் போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் நல்ல அம்பில்லாமல் டீமில் பேர் இருந்து என்ன பிரயோஜனம்? தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

வழக்கமான கூட்டம். ஒரு பக்கம் கரடி வேஷம் போட்ட ஆள் குழந்தைகளுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தார். அவள் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்திலேயே நிற்கிற கரடி. ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூட்டத்தில் எங்காவது கோச் நிற்கிறாரா என்று பயத்தோடு தேடினாள். காணோம். வில்லை எடுத்து நாணை இழுத்தாள். கண் கூட்டத்திலேயே இருந்ததில் முழங்கை இறங்கியது.

கரடி கையாட்டுவதை நிறுத்தியது. தன் முழங்கையை இரண்டு தட்டு தட்டியது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் அவ்வளவு திட்டு வாங்கியும் வராத அழுகை இப்போது வந்தது.

"ஏய் கரடி, அங்க என்ன வேடிக்கை? கையாட்டத்தான் உனக்குக் கூலி," என்று மேனேஜர் அதட்டினான்.

கரடி தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கையாட்டியது. அவள் எதையும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முழங்கையை உயர்த்தினாள்.