வாசனை நாப்பி

துவைக்கிற இடத்தில் ஒரு வாளியில் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து வாளியில் பெரியவர்களின் துணிகளுக்காகக் கலக்கிவைத்த வாசனைத் திரவம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, கல்லின்மேல் காத்துக் கிடந்தது பாப்பாவின் துணி நாப்பி.

"நாளைக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்து. ஊரே வரும். உன் நுரையில் குளித்துவிட்டுப் போனால் என்மேல் என்ன வாசனை வரும்?" என்று அது பூந்திக்கொட்டையிடம் கேட்டது.

"ஒரு வாசனையும் வராது. ஈரத்தை நன்றாக உறிஞ்சுவாய், அவ்வளவுதான்" என்றது பூந்திக்கொட்டை. "அந்தத் திரவம் உன் நூலில் மெழுகு மாதிரி படிந்துவிடும். அப்புறம் உனக்குள் தண்ணீரே இறங்காது."

"உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டு, நாப்பி பக்கத்து வாளிக்குள் சறுக்கி விழுந்தது.

மறுநாள் பாப்பாவைத் தாய்மாமன் சிற்றரசுவின் மடியில் உட்காரவைத்தார்கள். "பிள்ளை என்னமாய் மணக்கிறாள்!" என்றார் அவர். அத்தைமார்கள் வேறு குனிந்து குனிந்து முகர்ந்தார்கள். நாப்பிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆசாரி காதில் கம்பியை அழுத்தினார். பாப்பா வீறிட்டாள். அடுத்த நொடி மாமாவின் பட்டு வேட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. நாப்பியில் பாதிகூட நனையவில்லை.

சாயங்காலம் இரண்டும் ஒரே கொடியில் தொங்கின. பட்டு வேட்டி நாப்பியைத் திரும்பிப் பார்த்தது.

"உன் வேலையை நான் செய்தேன். அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?"

நாப்பி சற்று யோசித்தது.

"நான் வாசனையாக இருந்தேன்."